நாலாம் பாடம் மட்டும் தெரிந்தவன்

என் நேரத்தையும் சேர்த்துப் பேசி முடித்துவிட்டு, இப்போது அமைதியே உருவாக வீற்றிருக்கும் அவைத் தலைவர் அவர்களே, நாளெல்லாம் கடைகளில் நின்ற கால்களுக்கு இங்கே நாற்காலி கிடைத்ததும் கண்ணயரத் தொடங்கிவிட்ட பெரியோர்களே, பேச்சு எப்போது முடியும் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் தாய்மார்களே, கடையில் பேசும் ஆங்கிலம் கற்க இன்று புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஆங்கிலம் கற்பது எப்படி என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நீச்சலைப் பற்றிப் பேச, மூழ்கியவனைத் தேடிப் பிடித்தது போல.

செருப்புக் கடையில் எனக்கு வேலை. சேர்ந்த அன்றே மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்: வருகிறவர்களிடம் ஆங்கிலத்தில் பேசினால் வேலை நிரந்தரம்; இல்லையேல் மாதக் கடைசியில் வாசல். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது; அவர் சொன்னதைப் பக்கத்துக் கடைக்காரர்தான் எனக்குத் தமிழில் எடுத்துச் சொன்னார். எனக்கோ வாடகை வீடு, வளரும் பிள்ளைகள். வேலை போனால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவேன்?

வாங்கினேன் ஒரு கடை ஆங்கிலப் புத்தகம். அதில் நாலாம் பாடம், செருப்பு வாங்குதல். செருப்பு விற்பவனுக்குக் காய்கறிப் பாடம் எதற்கு? மருந்துக் கடைப் பாடம் எதற்கு? நாலாம் பாடத்தை மட்டும் நெட்டுருப் போட்டேன். அடுப்படியில் நான் கடைக்காரன், என் மனைவி வாடிக்கையாளர். "மே ஐ ஹெல்ப் யூ?" என்பேன். வெங்காயம் நறுக்கியபடியே, "ஐ வான்ட் ஷூஸ்" என்பாள். அளவு கேட்பேன், நிறம் கேட்பேன், "இட் சூட்ஸ் யூ வெரி வெல்" என்று பாராட்டுவேன்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்பத்தான் நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை வருது. அதுவும் புஸ்தகத்துல இருக்கறதால" என்றாள். ஆம் தாய்மார்களே, நீங்கள் தலையாட்டுவது மேடைவரை தெரிகிறது.

மாதக் கடைசி வந்தது. மேற்பார்வையாளர் கல்லா அருகே நின்று என்னையே பார்க்கிறார். ஒரு பெண்மணி வந்தார். கண்ணில் கனல், கையில் அடிப்பாகம் பிளந்த செருப்பு.

"மே ஐ ஹெல்ப் யூ?" என்றேன்.

"திஸ் இஸ் டேமேஜ்டு" என்றார்.

என் மனைவி இந்த வரியைச் சொன்னதே இல்லை. எனக்குத் தெரிந்த அடுத்த வரிக்குத் தாவினேன். "வாட் சைஸ், மேடம்?"

"ஐ வான்ட் டு ரிட்டர்ன் இட்."

"வாட் கலர், மேடம்?"

பிளந்த செருப்பை என் மூக்குக்கு நேராக நீட்டினார். நானும் நெஞ்சை நிமிர்த்தி, "இட் சூட்ஸ் யூ வெரி வெல்" என்றேன்.

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. எங்களை நோக்கி நடந்து வந்தார். "கடவுளே, வேலை போச்சே" என்று என்னையறியாமல் முனகினேன்.

அது அந்தப் பெண்மணியின் காதில் விழுந்தது. கோப முகம் மாறாமல், விரலை ஆட்டி, திட்டுகிற அதே குரலில் தமிழில் சொன்னார்: "அண்ணே, நானும் அதே புஸ்தகம்தான் படிச்சேன். பொருளைத் திருப்பிக் குடுக்கற ஒன்பதாம் பாடம் நீங்க படிக்கலையா? இப்ப 'ஐ ஆம் வெரி சாரி'ன்னு சொல்லணும்."

சொன்னேன்.

"அடுத்து பில்லைக் கேக்கணும். 'மே ஐ சீ த பில்'."

கேட்டேன்.

"'வீ வில் சேஞ்ச் இட்'னு சொல்லிட்டு உங்க ஆளைப் பாருங்க."

சொல்லிவிட்டுப் பார்த்தேன். மேற்பார்வையாளர் தலையசைத்தார். இவ்வளவு திட்டையும் இவ்வளவு பணிவாகத் தாங்குகிறானே என்று, அன்று மாலையே என் வேலையை நிரந்தரமாக்கினார்.

புதுச் செருப்பைக் கொடுக்கும்போது கேட்டேன்: "கடைக்காரன் பேச வேண்டியது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"வீட்டுல பேசிப் பழக ஆள் இல்லண்ணே. ரெண்டு பேர் பேச்சையும் நானேதான் பேசிப் படிச்சேன்" என்றார்.

அவையோரே, சண்டை போட வந்தவர் அவர். சம்பளத்தைக் காத்துக் கொடுத்துவிட்டுப் போனவரும் அவரே. என் வரியை மட்டும் படித்தவன் நான். என் வரியையும் படித்தவர் அவர். எதிரே நிற்பவர் என்ன சொல்வார், ஏன் சொல்வார் என்று கல்லாமல், எத்தனை சொல் கற்று என்ன பயன்? விற்க வந்தவர்களே, வாங்குகிறவர் வரியைப் படியுங்கள். வாங்க வந்தவர்களே, எங்கள் வரியையும் கொஞ்சம் படித்து வையுங்கள், அவசரத்துக்கு உதவும்.

நான் இப்போது ஒன்பதாம் பாடத்தையும் முடித்துவிட்டேன். அந்த 'வெரி சாரி' கடையைவிட வீட்டில்தான் அதிகம் செலவாகிறது.

பேசிப் பழக வீட்டில் ஆள் இல்லாதவர் யாரேனும் இந்த வகுப்பில் இருந்தால், கூச்சப்படாமல் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஒருவருக்கு இருவராகப் பேச நாங்கள் இருக்கிறோம். பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி கூறி, கைகூப்பி அமர்கிறேன். வணக்கம்.