நான்கு முறையும் கோரம் இல்லை

மேடையில் இருக்கும் கூட்டுறவுத் துறை அலுவலர் சித்ராதேவி அம்மா அவர்களே, நிறுவனத்தின் சார்பில் மாலையோடு வந்திருக்கும் அருள்செல்வன் சார் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மருதம்மாள் அக்காவின் மகள் ஜெயசுதா கண்ணு, நமது மகளிர் பனியன் தையல் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர்களே! துணைத் தலைவர் பாண்டியம்மாளின் வணக்கம். மைக்கில் பேசிப் பழக்கமில்லை. ஓவர்லாக் மிஷின் சத்தத்தில் கத்திப் பேசியே பழகியவள். தொண்டை உயர்ந்தால் கோபம் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் கோபமும் இருக்கிறது.

நம் தலைவர் மருதம்மாள் போய் இன்றோடு ஒன்பது நாள். நல்லவர், பொறுமைசாலி, சங்கத்தைப் பிள்ளை மாதிரி வளர்த்தவர் என்று எனக்கு முன் பேசியவர்கள் சொன்னீர்கள். எல்லாம் உண்மை. ஒன்று கேட்கிறேன். அந்தப் பொறுமைசாலியை இரண்டு வருடமாகத் தனியாக உட்கார வைத்தது யார்? அசலூர்க்காரர்களா? நாம்தானே!

இரண்டு வருடத்துக்கு முன் அருள்செல்வன் சாரின் நிறுவனம் சமூக உதவி என்று இருபது தையல் மிஷின் கொடுக்க வந்தது நினைவிருக்கிறதா? பேனர் கட்டியாயிற்று, போட்டோ எடுப்பவர் வந்தாயிற்று, நாமும் பட்டுச்சேலையில் நின்றோம். மூடியிருந்த துணியை எடுத்தால் இருபதும் காலால் மிதிக்கிற மிஷின். அதில் ஜாக்கெட் தைக்கலாம், தலையணை உறை தைக்கலாம். பனியன் துணி இழுத்தால் நீளும். தையலும் கூடவே நீள வேண்டுமானால் ஓவர்லாக் மிஷின் வேண்டும், பேட்லாக் மிஷின் வேண்டும். இது நம்மில் யாருக்குத் தெரியாது? ஆனாலும் வாயைத் திறந்தது அக்கா ஒருத்திதான்.

"நாங்க பனியன் தைக்கறவிங்க சாமி. இதுல தச்சா, இழுத்த ஒடனே தையல் அத்துப்போயிருமுங்க. வேற ஆருக்காச்சும் ஒதவட்டும், எடுத்துட்டுப் போயிருங்க" என்று கைகூப்பிச் சொன்னார்.

மிஷினும் போயிற்று, கூட்டமும் போயிற்று. தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தாளாம் என்று முதலில் பேசியவள் யார்? நான்தான். இதோ இங்கே மைக்கைப் பிடித்து நிற்கிற பாண்டியம்மாள்தான்!

அதற்குப் பிறகாவது அக்கா சும்மா இருந்தாரா? அரசுத் திட்டம் ஒன்றைத் தேடிப் பிடித்தார். சரியான மிஷினுக்குப் பாதியை அரசு தரும், மறுபாதியை ஒரு நிறுவனம் ஏற்க வேண்டும். யாரைத் திருப்பி அனுப்பினாரோ அவர்களிடமே நடையாய் நடந்து, அருள்செல்வன் சாரைச் சம்மதிக்க வைத்தார். பாக்கி இருந்தது ஒரே ஒரு காகிதம், பொதுக்குழுத் தீர்மானம். நாற்பது உறுப்பினர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும். அந்த எண்ணிக்கைக்குச் சங்கத்தில் கோரம் என்று பெயர். நான்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார். நான்கு முறையும் கோரம் இல்லை.

என் வீடு இந்த மண்டபத்துக்கு எதிரில். ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். நாற்பது நாற்காலியையும் தானே விரிப்பார். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அரை மணி நேரமும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பிறகு ஒவ்வொன்றாக மடித்து அடுக்குவார். நான்காவது முறை என்னைப் பார்த்துவிட்டார். கூப்பிடவில்லை. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் குழாயடியில், ஒன்றும் தெரியாதவள் மாதிரி, கூட்டம் என்னாயிற்று என்று கேட்டேன். "கோரம் இல்லைன்னு எழுதி வெச்சுட்டனுங்க பாண்டியம்மா. படிக்கறவிங்க என்னமோ நல்ல சேதியாட்டம் நெனச்சுக்குவாங்க" என்று சிரித்தார். அத்தனை காலி நாற்காலிக்கு நடுவில் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருப்பதைவிடக் கோரம் வேறு என்ன இருக்கிறது?

அக்கா போன மூன்றாம் நாள் ஜெயசுதா தீர்மானப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான்கு கூட்டத்துக்கும் ஒன்றாம் எண்ணில் மருதம்மாள் என்று கையெழுத்து, அதன் கீழே வெறும் எண்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். இன்றைய தேதி! ஐந்தாவது பொதுக்குழு, இதே மண்டபம், மாலை நான்கு மணி. நம் எல்லோர் வீட்டுக்கும் அறிவிப்பைத் தபாலில் அனுப்பிவிட்டுத்தான் போயிருக்கிறார். நாம்தான் பிரித்துப் பார்க்கவில்லை. இரங்கல் கூட்டத்தை நான் இந்த நேரத்தில் வைத்தது அதனால்தான். தலைவர் இல்லாவிட்டால் துணைத் தலைவர் நடத்தலாமா என்று அலுவலர் அம்மாவிடம் கேட்டேன், நடத்தலாம் என்றார். இந்த மாதத்துக்குள் தீர்மானம் போகாவிட்டால் திட்டம் கைநழுவிவிடும்.

உயிரோடு கூப்பிட்டபோது வராத நாம், இன்று வந்திருக்கிறோம். உறுப்பினர்கள் மட்டும் அறுபத்து மூன்று பேர், எண்ணிவிட்டேன். இனி மாதாமாதம் நாற்காலியை நான் விரிக்கிறேன். வந்து உட்காருவீர்களா?

புத்தகம் இப்போது உங்கள் கைக்கு வருகிறது. ஒன்றாம் எண் அக்காவுடையது, அதை அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டில் நான் போட்டிருக்கிறேன். மூன்றிலிருந்து நீங்கள் போடுங்கள். நாற்பது கையெழுத்து சேர, நாற்பத்தொன்று வரைக்கும் போக வேண்டும். அக்கா நாற்பது வரைக்கும்தான் எண் போட்டு வைத்திருக்கிறார். கடைசி எண்ணை நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.