கம்ப்ரசர் ஓடும்போது சொன்னது

தச்சு வேலைக்கு வந்த ஆசிப் அண்ணனின் ஆணி மெஷின் பேட்டரிகள் நான்கும் பதினேழு நாள், ஆறு மணி நேரம் வேலை செய்யவில்லை.

நீங்கள் ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நின்றபோது, முதலில் ஓடிவந்து பேசியவர் அவர்தான். அதனால் பேட்டரி விஷயம் மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, மாமா. அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பேராச்சி அத்தை அழுதுகொண்டிருந்தார். யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. நான் வாயே திறக்கவில்லை.

"பேச வரலைன்னா எழுதிக் குடுட்டி. முப்பது வருச ஏட்டு உத்தியோகத்துல எத்தனை பேரை எழுத வச்சிருக்கேன்" என்று பேனாவை நீட்டினீர்கள்.

எழுத எனக்கு வரும்.

பேட்டரிகளுக்கு நான் நகப்பூச்சு பூசினேன். நிறமில்லாத நகப்பூச்சு. பெண் பார்க்க வந்த அன்று அத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தது. பேட்டரியின் பள்ளத்துக்குள் இருக்கும் உலோகத் தகடுகளில் மெல்லிய தூரிகையால் ஒரு பூச்சு. காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, மின்சாரமும் போகாது. சார்ஜ் ஏறாது, மெஷின் ஓடாது. நகப்பூச்சு நீக்கும் திரவத்தால் துடைத்தால் பழையபடி ஆகிவிடும். எதையும் நிரந்தரமாகக் கெடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்று கேட்பீர்கள்.

எங்கள் குத்துக்கல்வலசை வீட்டில் பினிஷிங் வேலை நடக்கிறது. அலமாரி ஓரங்களுக்குப் பீடிங் என்னும் மெல்லிய மரப்பட்டி, நிலைகளைச் சுற்றி மெல்லிய சட்டம். எல்லாம் சின்னச் சின்ன ஆணி. ஆசிப் அண்ணன் அதைப் பேட்டரி கன்னால் அடிப்பார். 'டக்' என்று ஒரு சத்தம், ஆணி உள்ளே. அப்புறம் அமைதி. அப்பாவுக்கு அது பிடிக்காது. தென்காசியில் பாதி வீட்டுக்கு வயரிங் செய்தவர் அவர்.

"பேட்டரிங்கது டார்ச் லைட்டுக்குலே. மரத்துக்கு ஒயர் வேணும்" என்பார்.

"ஒயரை இழுத்துக்கிட்டு ஏணியில ஏறச் சொல்லுதியளா அண்ணாச்சி? கால்ல சுத்தி விழுந்தா நீங்களா வந்து தாங்குவிய?"

"பாத்து ஏறணும். ஒயர் பாதியில சீவன் விடாதுல்லா."

"ஒயருக்குச் சீவன் சுவத்துலல்லா இருக்கு. அங்கன போச்சுன்னா?"

"நான் போட்ட சுவர்லே அது. போகாது."

இருவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. நான் இயற்பியல் படித்தவள், அளந்து பார்த்தேன். பேட்டரி கன் ஓடும் கூடத்தில் செல்போன் காட்டிய சராசரிச் சத்தம் அறுபத்தொரு டெசிபல். பேட்டரி இல்லாவிட்டால் அவர் காற்றுக் கன்னுக்குப் போக வேண்டும். அதற்குக் காற்று கொடுக்க ஒயரில் ஓடும் கம்ப்ரசர் வேண்டும். அதன் அருகில் எண்பத்தாறு.

எனக்கு எண்பத்தாறு தேவைப்பட்டது.

அப்பாவிடம் நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். இருவருமே பேசமாட்டோம். "சாப்பாடு?" "ஆச்சு." அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. அந்த அமைதியில் ஒரு பெரிய விஷயத்தைச் சொல்ல எனக்குக் குரல் வராது. சத்தத்துக்குள் என்றால் வரும் என்று கணித்தேன். கணிப்பு சரி.

முதல் நாள் நான்கும் செத்துப்போனதும் ஆசிப் அண்ணன் சாரலைத்தான் பழி சொன்னார். "குத்தாலச் சாரல் பேட்டரிக்குள்ள இறங்கிட்டு தங்கச்சி" என்று நான்கையும் எங்கள் அரிசி டிரம்முக்குள் புதைத்தார், ஈரம் இழுக்குமாம். மூன்று நாள் கழித்துத் தோண்டி எடுத்தார். அதற்குள் நான் இரண்டாம் பூச்சு பூசியிருந்தேன். அவர் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துவிட்டு, நான்கையும் மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். அது எனக்கு வருத்தம்தான். டீயில் சர்க்கரை கூடப் போட்டேன். கம்ப்ரசர் வந்தது.

கம்ப்ரசரைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அது இடைவிடாமல் ஓடாது. தொட்டியில் காற்று நிறைந்ததும் தானாக நின்றுவிடும். நிறைய ஐம்பத்து நான்கு வினாடி. என் விஷயத்தைச் சொல்ல ஒன்பது வினாடி. தொட்டியின் அழுத்தம் காட்டும் முள் பாதியில் இருக்கும்போது ஆரம்பித்தால் பாதுகாப்பாக முடித்துவிடலாம். முள்ளைப் பார்த்துக்கொண்டே அப்பாவின் காதருகே நின்று, முழு வாக்கியத்தையும் உரக்கச் சொன்னேன். அப்பா தலையாட்டினார்.

"ம். டீ ரெண்டு டம்ளரா போடு. ஆசிப்புக்கும்" என்றார்.

போட்டேன்.

இப்படி இருபத்து மூன்று முறை சொல்லியிருக்கிறேன். நோட்டில் தேதி இருக்கிறது, காட்டுகிறேன். ஆகவே நான் மறைத்தேன் என்று அத்தை சொல்வது சரியல்ல. அப்பாவுக்குக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

பிறகு, சம்பந்தி.

வைகாசியில் பண்பொழி மலைக்கோவிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். ராஜபாளையத்து மாப்பிள்ளை விஜயசங்கர். இருபத்தைந்து நிமிடம் எதிரில் உட்கார்ந்திருந்தார். என்ன படித்தீர்கள் என்று கேட்டார். "இயற்பியல்" என்றேன். அன்று நான் பேசிய ஒரே சொல் அது.

அப்புறம் ஒரு வாரம் கழித்து, மாப்பிள்ளையின் அப்பா ஒரு புது நம்பரிலிருந்து என் அப்பாவோடு வாட்ஸாப்பில் பழக ஆரம்பித்தார். தொண்டையில் ஆபரேஷன், போனில் பேசக் கூடாது, எழுதத்தான் முடியும் என்று சொல்லியிருந்தார். பிழையில்லாமல் எழுதுவார். கால்புள்ளிகூடச் சரியாக வைப்பார். "அளந்து பேசுற மனுஷன்லே" என்று அப்பா ஆசிப் அண்ணனிடம் பெருமைப்பட்டார். அப்பா செல்போனில் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டுவார், ஒரு வரிக்குப் பத்து நிமிடம். அப்படி அவர் சம்பந்திக்கு எழுதியதையெல்லாம் நான் படித்திருக்கிறேன்.

"எம் மக எட்டாம் கிளாஸ்லயே ரேடியோவைப் பிரிச்சு மாட்டினவ. நான் பாராட்டல. கண்ணு பட்டுரும்னு இருந்துட்டேன்" என்று எழுதியிருந்தார்.

இன்னொரு நாள், "அவ வைக்கிற ரசம் அவ அம்மா ரசம் மாதிரியே இருக்கும். சொன்னா அழுதுருவேனோன்னு சொல்லல. நீங்க வந்து சாப்பிட்டா சொல்லிருங்க" என்று எழுதியிருந்தார்.

"கட்டாயம் சொல்கிறேன்" என்று சம்பந்தி பதில் போட்டார்.

அன்றைக்கு ரசத்தில் உப்பு கூடிவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் சம்பந்திக்கு அதையும் எழுதினார்: "நேத்து ரசத்துல உப்பு. பிள்ளைக்கு என்ன விசாரமோ."

இது நல்லதுதானே, மாமா. தனியாக இருக்கும் மனிதருக்கு ஒரு சிநேகிதம். அதைக் குலைக்க வேண்டாம் என்றுதான் விஷயத்தைச் சொல்லாமல் தள்ளிப்போட்டேன், எல்லாம் அப்பாவுக்காகத்தான். ஒரு நாள் அவர் ஒன்றும் எழுதவில்லை என்றால் எனக்குத் தூக்கம் வராது. அது என் விஷயம், இந்த விசாரணையில் சேராது.

ஆனால் நாள் நெருங்கியது. பினிஷிங் முடிந்ததும் ராஜபாளையம் போய் முறைப்படி அழைப்பது, ஆவணி பத்தில் நிச்சயம் என்று அப்பா முடிவு செய்தார். தொண்டை இன்னும் ஆறவில்லை என்று சம்பந்தி இரண்டு முறை எழுதிப் பார்த்தார். "நீங்க பேச வேண்டாம். நாங்க பேசுதோம், நீங்க தலையாட்டினாப் போதும்" என்று அப்பா எழுதிவிட்டார். சம்பந்தி ஒரு கும்பிடு பொம்மையை மட்டும் அனுப்பினார்.

நாளைக் காலை வண்டி சொல்லியாகிவிட்டது. அதற்காகத்தான் ராயகிரியிலிருந்து நீங்களும் அத்தையும் மற்ற ஐந்து பேரும் இன்று வந்தீர்கள். வந்ததுதான் வந்தோம், சீசன் என்று ஆண்கள் அருவிக்குப் போய்விட்டீர்கள். பெண்கள் வீட்டில் இருந்தார்கள். ஆசிப் அண்ணன் பூஜை அறைக் கதவுக்குக் கடைசிப் பீடிங் அடித்துக்கொண்டிருந்தார். கம்ப்ரசர் இனி எத்தனை முறை ஓடும் என்று எண்ணினேன். மிஞ்சினால் இரண்டு.

இன்று எப்படியாவது கேட்கும்படி சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். கேட்கும்படி என்றால், கம்ப்ரசர் சத்தத்துக்குள், ஆனால் வழக்கத்தைவிட உரக்க. அதுவே எனக்குப் பெரிய துணிச்சல்.

இங்கேதான் நான் தவறினேன். தானாக நிற்கும் நேரத்தைக் கணித்தவள், வீட்டு மின்சார லோடைக் கணிக்கவில்லை. அத்தை நாளைய இட்லிக்குக் கிரைண்டர் போட்டிருந்தார். அத்தையின் மருமகள் நாளைக்குக் கட்டும் பட்டுப்புடவைக்கு அயர்ன்பாக்ஸைச் சொருகியிருந்தாள். ஆசிப் அண்ணன் கம்ப்ரசரைப் போட்டார். மூன்றும் ஒரே லைன். அப்பா போட்ட லைன்.

முள் பாதியில் இருந்தது. அப்பா ஜன்னலோரம் நின்று சம்பந்திக்கு ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் மூச்சை இழுத்து வாயைத் திறந்தேன். முதல் சொல் வெளியே வந்தது, லோடு தாங்காமல் போர்டில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப்பர் விழுந்தது. கம்ப்ரசர், கிரைண்டர், மின்விசிறி எல்லாம் ஒரே நொடியில் நின்றன. பேட்டரி கன்னாக இருந்தால் 'டக்' என்று அடித்துக்கொண்டே இருந்திருக்கும். ஆசிப் அண்ணன் ஏணி மேலிருந்து, "சுவர் போயிட்டா அண்ணாச்சி?" என்றுகூடக் கேட்டார்.

நான் நிறுத்தியிருக்கலாம். இருபத்து மூன்று முறை சொல்லிப் பழகிய வாய், நிற்கவில்லை. எண்பத்தாறு டெசிபலைத் தாண்ட வேண்டிய குரல், சத்தமே இல்லாத வீட்டில், ஆறு பேர் முன்னால், தெருவரைக்கும் கேட்கும்படி சொன்னது:

"மாப்பிள்ளை வீட்டுல வைகாசியிலயே நம்மள வேண்டாம்னு எம் போனுக்கு எழுதிட்டாவப்பா. அம்பத்தாறு நாளா சம்பந்தின்னு உங்ககூட எழுதிக்கிட்டிருக்கது நாந்தான்."