ஓலை கட்டிய மேடு

இப்போதெல்லாம் மாடு மேய்க்கிறவர்கள் ஊற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பதே இல்லை. கையில் போன், காதில் பாட்டு. உப்புத் தண்ணீர் குடித்து மாடு கழிந்து படுத்தபிறகு ஆரம்பாக்கத்துக்கு டாக்டரைத் தேடி ஓடுகிறார்கள். எங்கள் ஏரிக்கரையில் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர்தான் வரும். உப்புத் தண்ணீர் ஏரி பக்கத்திலேயே இருப்பதால் ஒரு ராத்திரியில் அது உப்பாகிவிடும். அதனால் ஓட்டி வந்த ஆள் முதலில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டையோ ஆட்டையோ விட வேண்டும்.

காந்தா குடித்துப் பார்ப்பாள். அதைச் சொல்லத்தான் வேண்டும், ஐயா.

ஏரியில் கையால் இறால் தடவிப் பிழைத்தவள். இறால் குறைந்ததும் ஆடு வாங்கினாள். அதைப் பற்றி எனக்கொன்றும் இல்லை. ஆனால் கோடையில் ஒரு மேட்டைச் சும்மா விட வேண்டும். அங்கே கழி நட்டுப் பனையோலை கட்டிவிட்டால், மழை விழும்வரை யாரும் உள்ளே மேய்க்கக் கூடாது. மாடு நுனியைத் தின்னும். ஆடு வேரோடு பிடுங்கும். வேர் போனால் அடுத்த வருஷம் புல் ஏது? மற்ற இடமெல்லாம் வேலிகாத்தான் முள் மூடிவிட்டது. என் மாடுகளுக்கு அந்த மேட்டை விட்டால் வேறு கதி இல்லை.

அவள் ஓலையைத் தாண்டி ஓட்டினாள். கேட்டேன்.

"இன்னா மாமா, ஓலை கட்டிட்டா ஏரி உன்னுதுன்னு ஆயிடுமா?" என்றாள். "என் ஆட்டுக்குப் புல்லும் ஒண்ணு, ஓலையும் ஒண்ணு. ரெண்டையும் துன்னும்."

கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் சண்டை போடவில்லை. ஊர்ப் பஞ்சாயத்துக்கும் போகவில்லை. அவர்கள் பேசி முடிப்பதற்குள் மேடு மொட்டையாகிவிடும்.

அந்த மேட்டு ஊற்றில் வயலுக்கு அடிக்கிற மருந்தை ஊற்றினேன். என் மாடுகளை அதற்கு முன்பே வேறு ஊற்றுக்குப் பழக்கியிருந்தேன். காலையில் வேலிகாத்தான் நிழலில் உட்கார்ந்திருந்தேன். காந்தா வந்தாள். ஆடுகளைக் கோலால் மறித்து நிறுத்தினாள். குனிந்து கையால் அள்ளினாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். எனக்கு அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. ஆடுகள் ஊற்றுப் பக்கமே போகாமல் அவளைச் சுற்றி நின்றன. ஒன்றுகூடச் சாகவில்லை.

ஆட்டுக்குத்தான் வைத்தேன் என்று போலீசிடமும் சொன்னேன். இடத்தைக் காட்ட மேட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

"அவ குடிச்சிப் பாத்துட்டுத்தான் ஆட்ட உடுவான்னு உனுக்குத் தெரியும் இல்ல, பெருசு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"தெரியும் சார். ஓலை கட்டினா உள்ள வரக் கூடாதுன்னு அவளுக்கும் தெரியும் இல்ல?"

கழியில் ஓலை அப்படியே இருந்தது. ஆடு வராததால் புல் துளிர்த்திருந்தது. போலீஸ்காரர்கள் அதை மிதித்துக்கொண்டு நின்றார்கள். ஓரமாக நிற்கச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

நான் ஓலைக்கு வெளியே சுற்றிக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தேன்.