செவ்வாய்க்கிழமை முடிவெட்டு

அல்வின்: தலையை ஆட்டாதீங்க, கோச்.

கோச்: நான் எங்க ஆட்டினேன்? நீங்கதான் நாற்காலியைச் சுத்திக்கிட்டே இருக்கீங்க. கண்ணாடி எனக்குப் பின்னாடி இருக்கு. என்னைச் சுவத்தைப் பாக்க வச்சிருக்கீங்க.

அல்வின்: வெயில் கண்ணாடியில பட்டுக் கண்ணு கூசுது.

மெர்ல்: வெயிலா? வெளியில பனி கொட்டுது, அல்வின்!

அல்வின்: மெர்ல், உன் முறை வர்ற வரைக்கும் பேப்பரைப் படி. கோச், சுவத்துக்கு என்ன குறைச்சல்? நம்ம டீம் பசங்க போட்டோதானே மாட்டியிருக்கேன். அதைப் பாத்துக்கிட்டு இருங்க.

கோச்: பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.

மெர்ல்: பேப்பரைப் படிச்சாச்சு. முதல் பக்கம் முழுக்க அந்த நாற்காலியில உக்காந்திருக்கிறவரைப் பத்தித்தான். ஏதோ பெரிய யுனிவர்சிட்டியாம், எண்பதாயிரம் பேர் உக்கார்ற மைதானமாம். ஃபுட்பாலுக்குன்னே தனி ஆஸ்பத்திரியாம். நம்ம காலேஜ் கோச்சைத்தான் வேணும்னு கேக்குறாங்களாம்.

கோச்: பேப்பர்ல வர்றதை எல்லாம் நம்பாதீங்க.

மெர்ல்: அப்ப பொய்யா?

கோச்: பொய்யின்னு சொல்லல...

அல்வின்: உண்மைன்னும் சொல்லல.

கோச்: நான் முடி வெட்டிக்க வந்தேன், அல்வின்.

அல்வின்: அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

கோச்: முடி வெட்டிக்க வந்தா என்ன பயம்?

மெர்ல்: இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை, கோச். நம்ம ஊர்ல ஆம்பளைங்க சனிக்கிழமைதான் இங்க வருவாங்க. செவ்வாய்க்கிழமை வந்தா ஒண்ணு சாவு வீடு, இல்லைன்னா வெளியூர்ல புது வேலை.

கோச்: நீங்க வந்திருக்கீங்களே, மெர்ல். யார் செத்தாங்க?

மெர்ல்: நாளைக்குச் சபையில போட்டோ எடுக்கிறாங்க இல்ல, சபைக் குடும்பங்களோட படப் புத்தகத்துக்கு? இந்தக் கோலத்துல வந்தா பக்கத்துல நிக்க மாட்டேன்னு என் வீட்டுக்காரி எட்னா சொல்லிட்டா.

கோச்: உங்க தலையில வெட்ட என்ன இருக்கு?

மெர்ல்: காதுல இருக்கு.

அல்வின்: கோச்சுக்கு அந்தக் கவலையே கிடையாது. ரெண்டு தடவை அந்தப் புத்தகம் போட்டாச்சு. ரெண்டுலயும் இவர் பேருக்கு மேல காலிக் கட்டம். பாஸ்டர் பாவம், வெறுமையா விட மனசில்லாம சபைக் கட்டடத்துப் படத்தைப் போட்டு வச்சிருக்காரு.

கோச்: வந்த புதுசுல ரெண்டு வருஷத்துக்கு மேல இங்க இருப்போம்னு நாங்க நெனைக்கல, அல்வின். அப்புறம்... அது அப்படியே விட்டுப்போச்சு.

மெர்ல்: ஒன்பது வருஷமா!

அல்வின்: விடு, மெர்ல். உங்களுக்கு முன்னாடி இருந்தாரே ப்ரூயர் கோச், அவரும் இதே மாதிரி ஒரு செவ்வாய்க்கிழமைதான் வந்தாரு. இதே நாற்காலி. "நல்லா வெட்டுங்க, அல்வின்"னாரு. நானும் உயிரைக் கொடுத்து வெட்டினேன். வெள்ளிக்கிழமை டிவியைப் போட்டா, வேற காலேஜ் தொப்பியைக் கையில வச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு!

மெர்ல்: தொப்பியைக் கையிலதான் வச்சிருந்தாரு. முடி அவ்வளவு அழகா இருந்துச்சு, மறைக்க மனசு வரல.

அல்வின்: என் கையால நானே அனுப்பி வச்சிருக்கேன்! அவர் பின்னாடியே பாதி டீம் போச்சு. அப்புறம் ரெண்டு வருஷம் ஒரு ஆட்டம் ஜெயிக்கல நாம.

மெர்ல்: ஒண்ணு ஜெயிச்சோம்.

அல்வின்: அது எதிர் டீம் பஸ் பனியில மாட்டி வராம போனதால.

கோச்: ஹா... சரி. நான் போகலைன்னு வைங்க. சும்மா ஒரு பேச்சுக்கு. அப்படி என்ன பெரிசா ஆயிடும்?

அல்வின்: பேச்சுக்கா?

கோச்: பேச்சுக்குத்தான்.

அல்வின்: முதல்ல டெஸ்மண்ட் இருப்பான். இந்த வருஷம் அவன் பந்தைத் தூக்கிக்கிட்டு ஓடின ஓட்டத்துக்கு எத்தனை காலேஜ்லேருந்து கூப்பிடுறாங்கன்னு கேளுங்க. போனையே அணைச்சு வச்சிருக்கான். கோச் என்ன பண்றாருன்னு பாத்துட்டுத்தான் முடிவாம்.

மெர்ல்: டெஸ்மண்டைப் பத்தி நீ என்ன சொல்றது? அவன் எங்க வீட்டுப் பையன். ஞாயித்துக்கிழமை ஆனா எங்க மேஜையிலதான் சாப்பாடு. எட்னா சுடற கறி பன்னை அவன் சாப்பிடறதைப் பாத்தாலே வயிறு நெறஞ்சிடும். போன மாசம் ஏணி போட்டு ஏறிக் கூரையை வேற சரி பண்ணிக் கொடுத்தான்.

கோச்: ஏணி போட்டா? எனக்குத் தெரியாதே! கால் முறிஞ்சிருந்தா?

மெர்ல்: அதனாலதான் உங்ககிட்ட சொல்லல.

அல்வின்: அந்த ஞாயித்துக்கிழமைச் சாப்பாடு யாரோட ஏற்பாடு? உங்களோடது. ஒரு வீட்டுக்கு ஒரு பையன். வேற எந்தக் காலேஜ்ல இருக்கு?

மெர்ல்: அவன் போயிட்டா... எட்னா ரெண்டு பேருக்குச் சமைக்கிறதையே மறந்துட்டா, கோச்.

கோச்: ம்...

அல்வின்: அப்புறம் அந்த ஸ்கோர் போர்டு. பாதி பல்பு எரியல. நாம ஏழு எடுத்தா ஒண்ணுன்னு காட்டுது. நீங்க இருந்தா அடுத்த வருஷம் புது போர்டு வந்துடும்.

மெர்ல்: வராது.

அல்வின்: வரும்!

மெர்ல்: பல்பு மாத்துவாங்க.

அல்வின்: சரி, பல்பு. வெஸ்ட்போர்ட் காலேஜை அவங்க ஊர்லேயே போய் ஜெயிப்போம். அந்த ஊர்க்காரங்களே எழுந்து நின்னு கைதட்டுவாங்க.

கோச்: வெஸ்ட்போர்ட்காரங்களா? கைதட்டுவாங்களா?

அல்வின்: ஏன் மாட்டாங்க? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடி நம்ம பசங்க முட்டி போட்டு, எதிர் டீம்ல ஒருத்தனுக்கும் அடிபடக் கூடாதுன்னுதானே ஜெபம் பண்றாங்க! நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே? ஆரம்பத்துல அவங்க சிரிச்சாங்க. இந்த வருஷம் அவங்க பசங்களும் வந்து பக்கத்துல முட்டி போட்டாங்க. நான் கண்ணால பாத்தேன்.

மெர்ல்: அப்புறம் எழுந்து நம்மளை நல்லா இடிச்சாங்க.

அல்வின்: இடிக்கட்டும். இடிக்கிறதுதானே ஆட்டம்! ஒருத்தனுக்கும் அடிபடல இல்ல? தலையை ஆட்டாதீங்க, கோச்.

கோச்: சிரிச்சேன்.

அல்வின்: சிரிக்காதீங்க.

மெர்ல்: அல்வின்... அந்த வலது காதுக்கு மேல... கொஞ்சம்...

அல்வின்: பேப்பர், மெர்ல்!

மெர்ல்: இல்ல, அது என்னன்னா...

அல்வின்: அப்ப விளையாட்டுப் பக்கத்தைப் படி!

கோச்: என்ன ஆச்சு?

அல்வின்: ஒண்ணும் ஆகல. எங்க விட்டேன்? ஆங்... ரூபன். நீங்க இருந்தா ரூபன் இருப்பான்.

கோச்: ரூபனுக்கு என்ன?

அல்வின்: எங்க மாடியிலதானே தங்கியிருக்கான். நேத்துப் பேப்பரைப் பாத்தான். நேரா போய்ப் பெட்டி கட்டிட்டான். இப்பவும் மேலதான் இருக்கான். கோச் போனா நானும் ஊருக்குப் போறேன், இனிமே பந்தையே தொட மாட்டேங்கிறான்.

கோச்: அந்த ஒரு உதைக்காகவா?

அல்வின்: சனிக்கிழமை ஆட்டத்தோட கடைசி உதை, கோச். ரெண்டு கம்பத்துக்கு நடுவுல போயிருந்தா மூணு புள்ளி, நாமதான் சாம்பியன். கம்பத்துல பட்டு வெளியில போச்சு. ராத்திரி முழுக்க மாடியில நடந்துக்கிட்டே இருந்தான். கீழ என் வீட்டுக்காரி எழுந்து உக்காந்து ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தா.

கோச்: ஞாயித்துக்கிழமை சரியாயிட்டான்னு நெனைச்சேனே.

அல்வின்: சரியாத்தான் ஆனான். நீங்க பண்ணின காரியம் அப்படி! ஆராதனை முடிஞ்சதும் "யாரும் வீட்டுக்குப் போகாதீங்க"ன்னு சொல்லி, சபையையே மைதானத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனீங்க. போட்டிருந்த கோட்டோட சேத்துல முட்டி போட்டுப் பந்தைத் தரையில நிறுத்திப் பிடிச்சீங்க. "உதைடா, ரூபன்"னீங்க.

மெர்ல்: முதல் உதை வெளியில போச்சு.

அல்வின்: ரெண்டாவதும் போச்சு.

மெர்ல்: அப்பத்தான் எட்னா கத்தினா, "எனக்கு அவசரம் ஒண்ணும் இல்லடா, கண்ணு, அடுப்பை அணைச்சுட்டுத்தான் வந்தேன்"னு.

அல்வின்: பையன் சிரிச்சுட்டான். சிரிச்சுக்கிட்டே மூணாவதை உதைச்சான் பாருங்க... கம்பத்துக்கு நட்ட நடுவுல! பாஸ்டர் அங்கியோட குதிக்கிறாரு. அந்த எண்பதாயிரம் பேர் மைதானத்துல உங்களை இப்படிச் சேத்துல முட்டி போட விடுவாங்களா, கோச்? முட்டிக்குக் கீழ கம்பளம் விரிச்சிருப்பாங்க.

கோச்: அல்வின்... அவனைப் பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்க.

அல்வின்: என்னன்னு சொல்லிப் பிரிக்கச் சொல்றது?

கோச்: சும்மா... பிரிக்கச் சொல்லுங்க.

அல்வின்: நீங்க இருக்கீங்கன்னு சொல்லவா?

கோச்: நான் எதுவும் பேசக் கூடாது. வாக்கு கொடுத்திருக்கேன்.

மெர்ல்: வாக்கா? யாருக்கு?

கோச்: அவங்களுக்கு.

அல்வின்: அவங்களுக்கு... ஓ... சரி. சரி, கோச். தலையை இந்தப் பக்கம் சாயுங்க. இன்னும் நல்லா.

மெர்ல்: அல்வின், போதும். அந்தப் பக்கம் இனிமே ஒண்ணும் மிச்சமில்லை.

அல்வின்: நீ ரேடியோவைப் போடு. பன்னண்டு மணிச் செய்தி வரும். பன்றி விலை கேக்கணும்.

மெர்ல்: நீ எப்பப் பன்றி வளத்தே?

அல்வின்: போடுன்னா போடேன்!

மெர்ல்: இரு... இரு, பேசாதே. ஃபுட்பால் செய்திதான் சொல்றான்... அல்வின்! அந்தப் பெரிய யுனிவர்சிட்டிக்கு ஆள் போட்டாச்சாம்!

அல்வின்: தெரியுமே. இந்தா உக்காந்திருக்காரே.

மெர்ல்: இல்லப்பா, இவர் இல்லை! யாரோ ஒஹாயோக்காரராம்!

அல்வின்: என்னது? கோச்... உங்களை வேணாம்னுட்டாங்களா? கண்ணு தெரியாதவங்களா இருப்பாங்களோ? உங்களைப் போய் வேணாம்னு சொல்ல அவங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு? என்ன யுனிவர்சிட்டி அது!

மெர்ல்: இவ்வளவு நேரம் போகக் கூடாதுன்னே. இப்ப ஏன் எடுக்கலைன்னு சண்டை போடறியே.

அல்வின்: அது வேற, இது வேற! நம்ம கோச்சை நாம விடக் கூடாது. அதுக்காக அவங்க வேணாம்னு சொல்லலாமா?

கோச்: அவங்க சொல்லல, அல்வின். நான்தான் சொன்னேன்.

அல்வின்: எப்ப?

கோச்: ஞாயித்துக்கிழமை. சேத்துக் கோட்டைக் கழட்டினதும் போன் பண்ணி, வரலைன்னு சொல்லிட்டேன். வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் வெளியில மூச்சு விடாதீங்க, நாங்க கேட்டு ஒருத்தர் மாட்டேன்னாருன்னு தெரிஞ்சா அடுத்தவர் வர யோசிப்பாருன்னாங்க. சரின்னு வாக்கு கொடுத்தேன். ரேடியோக்காரன் இப்பத்தான் என்னை விடுதலை பண்ணினான்.

மெர்ல்: ஞாயித்துக்கிழமையேவா? ஊர் பூரா ரெண்டு நாளாச் சோறு இறங்காம கிடக்குது! அல்வின், உன் போனைக் கொடு, எட்னாகிட்ட சொல்லணும்... ஹலோ, எட்னா? கறி பன்னுக்கு மாவு நிறையவே பிசை!

அல்வின்: கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! டேய், ரூபன்! மேல காது கேக்குதா? பெட்டியைப் பிரிடா! கோச் எங்கயும் போகல! ...கேட்டீங்களா, கோச்? கட்டில்லேருந்து குதிக்கிறான். என் கூரை போச்சு.

கோச்: டெஸ்மண்டைக் கூப்பிட்டுச் சரி பண்ணச் சொல்லுங்க. ஏணிதான் இருக்கே.

அல்வின்: ஹா ஹா! நான் சொன்னேனில்ல... புது போர்டு, வெஸ்ட்போர்ட்ல ஜெயிக்கிறது, எல்லாம்... எல்லாம்... கோச்.

கோச்: ம்?

அல்வின்: டிவிக்காரங்க யாரும் வரலைன்னா... இன்டர்வியூ எதுவும் இல்லைன்னா... எதுக்குச் செவ்வாய்க்கிழமை முடி வெட்டிக்க வந்தீங்க?

மெர்ல்: எட்னா, அப்புறம் பேசறேன். இங்க ஒரு சாவு விழும் போல இருக்கு.

அல்வின்: கோச்... நாற்காலியைத் திருப்பறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நீங்க டிவி முன்னாடி போய் நிக்கவே கூச்சப்படணும்னு... வலது பக்கத்தை... வேணும்னே... எலி கடிச்ச மாதிரி பண்ணிட்டேன். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும். என் தொழில்ல யார் தலைக்கும் இந்தத் துரோகம் பண்ணினதில்லை.

மெர்ல்: எலி இல்லை, ஆடு மேஞ்ச மாதிரி இருக்கு.

கோச்: தெரியும், அல்வின்.

அல்வின்: தெரியுமா?

கோச்: என்னை எதைப் பாக்க உக்கார வச்சீங்க? பசங்க போட்டோவுக்கு நல்ல கண்ணாடி போட்டு வச்சிருக்கீங்க. முதல் வெட்டுலேருந்து எல்லாம் அதுக்குள்ள தெரியுது.

அல்வின்: யோவ்! அப்புறம் ஏன்யா வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தே?

கோச்: நீங்க அடுத்த வருஷத்தைச் சொல்லிக்கிட்டிருந்தீங்க... நடுவுல எழுந்தா மிச்சத்தைக் கேக்க முடியாதே! சரி, கத்திரியை எடுங்க. இடது பக்கத்தையும் இதே மாதிரி மேஞ்சு விடுங்க, ரெண்டும் சமமா இருக்கட்டும். நாளைக்குச் சாயங்காலம் மெர்ல் குடும்பத்துக்கு அடுத்தபடியா, நானும் என் வீட்டுக்காரி நோராவும் சபையில போட்டோ எடுத்துக்கிறோம்... அந்தக் காலிக் கட்டத்துக்கு.