சத்தம் போடற மீட்டரு

இல்ல தம்பி, இந்தக் கரண்டு பாக்கற மீட்டரு வேணாம். நம்பரு பெருசா தெரியும், பின்னால லைட்டும் எரியும்னு நீங்க சொல்றது புரியுது. எனக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிரு. நம்பரு எவ்வளவு சின்னதா இருந்தாலும் பரவால்ல, சத்தம் நல்லா போடணும். ரெண்டு வயரு முனையும் சேர்ந்தா பீப்புங்குமே, அது. மலிவு மீட்டருல சிலது ஊமையாம்லா, அதான் முன்னாடியே சொல்லிடறேன். அம்பது வெள்ளிக்கு மேல போவாதீங்க.

எனக்கு இல்ல, எங்க வீட்டுக்காரருக்கு. செம்பனை எண்ண ஆட்டற மில்லுல வேல. சாயங்காலம் ஆனா காவடிக்கு லைட்டு கட்டுவாரு. காசுக்கு இல்ல தம்பி, ஆசைக்கு. மாசி மகத்துக்கு எங்க ஈஜோக் பக்கத்துல இருந்து வர்ற காவடியில மயிலு தோகை மின்னி மின்னி அணைஞ்சா, அது இவரு கைவேலதான். அவருக்குத் தெரியாமத்தான் வந்திருக்கேன். ஒரு மலாய்க்கார அம்மா இதுதான் பஸ்சுன்னு கையப் புடிச்சு ஏத்திவிட்டாங்க. பழைய மீட்டரு கெட்டுப்போவல. ஆனா ஊமை. நம்பரு மட்டும்தான் காட்டும்.

அங்கதான் வம்பே. காவடிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு ஒரு கையில செகப்பு வயரு, ஒரு கையில கறுப்பு வயரு புடிச்சிருப்பாரு. கண்ண எடுத்தா முனை வழுக்கிடும். மீட்டரு கீழ கெடக்கும். நம்பரப் பாத்துச் சொல்ல ஒரு ஆளு வேணும்ல? கல்யாணமான நாள்ல இருந்து அந்த ஆளு நாந்தான். திலகா, என்னா காட்டுதும்பாரு. நான் சொல்லுவேன். வேற பெருசா ஒண்ணும் பேசிக்க மாட்டோம். எங்களுக்கு அதுவே போதும்.

இப்ப பிரேமலா சொல்றா. பக்கத்து வீட்டுப் பொண்ணு. என் முக்காலியில உக்காந்துக்கிட்டு, பன்னெண்டுண்ணே, பன்னெண்டு புள்ளி ஒண்ணுண்ணேன்னு கத்துறா. அந்தப் புள்ளி ஒண்ண யாரு கேட்டா?

ச்சே, அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. தங்கமான பொண்ணு, புருசன் புள்ளையோட இருக்கா. கறி வச்சா எனக்கு ஒரு கிண்ணம் வந்துடும். அதனாலதான் இன்னும் வயிறு எரியுது. கெட்டவளா இருந்தா நாலு திட்டு திட்டிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். ரெண்டு பேருக்கும் நான்தான் தேத்தண்ணி கலக்கறேன். போன வாரம் கலக்கிக் கொண்டாந்தா, இவரு சொல்றாரு, பிரேமலாவுக்குக் கண்ணு ரொம்பக் கூர்மைன்னு. அப்படியே தொட்டியில ஊத்தியிருக்கணும். ஊத்தல. மறுநாளு அவ கிளாசுல மட்டும் சீனி போடல. அதையும் நல்லாருக்கு அக்கான்னு குடிச்சிட்டா.

அதான் சொல்றேன், நீங்க காட்டற பெரிய நம்பரு மீட்டர நான் வாங்கிட்டுப் போனா, அது பிரேமலாவுக்கு நானே குடுத்த பரிசுலா.

அவருக்கா? அவருக்கு இந்த பீப்பு கேக்காது. மில்லு எரைச்சல்ல காது பாதி போச்சு. ஆளு கத்திச் சொன்னா கேக்கும், சன்னமான சத்தம் ஏறாது. ஃபோன் அடிச்சாக்கூட தெரியாது. சிரிக்காதீங்க தம்பி. காது கேக்காத மனுசனுக்குச் சத்தம் போடற மீட்டரான்னுதானே பாக்கறீங்க?

சரி, உங்க திருப்திக்கு அந்தப் பெரியதையும் பாத்துடறேன். ஆன் பண்ணுங்க.

பண்ணியாச்சா? எப்ப?

ஓ. மூஞ்சிக்கு நேராத்தான் புடிச்சிருக்கீங்களா. எனக்கு ஏதோ பச்சையா வெளிச்சம் மட்டுந்தான் தெரியுது.

இனிப்பு நீரு வியாதி தம்பி. கண்ணுல எறங்கிடுச்சுன்னு கிளினிக்ல சொன்னாங்க. வீட்டுல இன்னும் சொல்லல. ஒருநாளு எட்ட அஞ்சுன்னு சொல்லிட்டேன், ஒரு வரிசை லைட்டு கருகிப்போச்சு. இவரு ஒரு வார்த்த ஏசல. ஏசியிருந்தாக்கூட தேவல. மறுநாளு பிரேமலாவக் கூப்ட்டாரு.

ஆமா, அவளுக்கும் காது இருக்கு, இல்லேங்கல. ஆனா அவ எங்க வீட்டு கேட்டத் தொறந்துக்கிட்டு வரணும். வயரு அறுந்திருக்கா இல்லையான்னு, பீப்பக் கேட்டு நான் அடுப்படியில நின்னுக்கிட்டே சொல்லிடுவேன்.

அந்தச் சின்னத எடுங்க. முனை ரெண்டையும் ஒட்டுங்க.

இன்னொரு தரம்.

கேக்குது. இதையே கட்டிக் குடுங்க தம்பி. திலகா, சத்தம் வருதான்னு அவரு என்னையக் கேட்டுத்தான் ஆவணும்.