ஆறு கை டிரில்லும் ஒரே ரோட்டுல

இல்ல சார், தள்ளி வைக்க முடியாது. ஞாயித்துக்கிழமைன்னா ஞாயித்துக்கிழமைதான். ரோட்டப் பாக்க வந்தீங்க, பாத்துட்டீங்க. பள்ளம் மூணு இருக்கு, மூணையும் நாங்களே மண்ணள்ளிப் போட்டு மூடிர்றோம். பசங்க வண்டிப் பந்தயத்துக்கு அனுமதி குடுக்கலாம்னு ரெண்டு வரி எழுதுங்க. கதம், வேல முடிஞ்சுது.

பாப்பான்னு கூப்பிடாதீங்க. எம்பேரு சந்திரமதி, பதினொண்ணாங் கிளாஸ். ஓவர்சியர்னு நீங்க மெயின்லேண்டுலேர்ந்து வந்து எறங்கி இருபது நாளு கூட ஆகல. நான் பொறந்ததே இந்தப் போர்ட் பிளேர்ல. எந்த ரோட்டுல எத்தன மணிக்கு எந்த லாரி போகும்னு எங்கிட்டக் கேளுங்க. ஞாயித்துக்கிழமை காலைல இந்தப் பக்கம் ரெண்டு ஆடு வரும், அவ்ளோதான்.

வெளையாட்டுச் சாமானா? இங்க வந்து குந்திப் பாருங்க சார். இது கை டிரில். தச்சருங்க நெஞ்சுல முட்டுக் குடுத்து, கைப்பிடியச் சுத்தி ஓட்ட போடுவாங்கல்ல, அதேதான். ஊசி மாட்டுற வாய்ல, நாங்க பலகைல செஞ்ச வண்டியோட பின் அச்சக் கவ்வ விட்டிருக்கோம். பலகைல ஒக்காந்துகிட்டு கைப்பிடிய ஒரு சுத்துச் சுத்துனா சக்கரம் நாலு சுத்து. கரண்டு வேணாம், வயரு வேணாம், பெட்ரோல் வேணாம். சக்கரம் படாக் மரக் கட்டைல அறுத்தது, மேல பழைய லாரி டயர வெட்டி ஆணியடிச்சிருக்கு. திருப்பணும்னா முன் கட்டய கால்ல ஒதைக்கணும். பிரேக்கா? செருப்புத்தான்.

சிரிங்க, சிரிங்க. பஜார்ல துணிக்கடை காதர் பாய் இருக்காருல்ல, அவர் மகன் ஜெய்னுதீன் நேத்து படகு நிக்கிற ஜெட்டிலேர்ந்து ஐஸ் பேக்டரி வரைக்கும் ஒரு சைக்கிளுக்குச் சமமாப் போனான். சைக்கிள்ல வந்தவரு தபால்காரரு, அவருக்கு வயசு அம்பத்தஞ்சு, அது வேற விஷயம்.

ஆறு வண்டிதான் சார். ஏழாவது கெடையாது. எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்லேர்ந்து நிதாய்னு ஒரு பெங்காலிப் பையன், அவன் வண்டிய பெர்ரில ஏத்திக் கொண்டாரான். டிரில்லு வேணாம், சைக்கிள் செயின் போட்டுக்கறேன்னு நின்னான். நஹீ, முடியாதுன்னுட்டேன். நான் குடுக்குற டிரில்லத்தான் மாட்டணும், அது மேல அடிச்சிருக்கிற நம்பர அரம் போட்டுத் தேய்க்கக் கூடாது, பெயிண்ட் அடிச்சு மறைக்கக் கூடாது, மீறுனா கோட்டுலயே நிக்க விட மாட்டேன்னேன். ரெண்டு நாள் எங்கூடப் பேசல. பேசாட்டிப் போ.

ஏன்னா? ரூலுன்னா ரூலு சார். உங்க ஆபீஸ்ல ரூலுக்கெல்லாம் காரணம் சொல்லிட்டா வைக்கிறாங்க?

ஆமா, நானும் ஓட்டுறேன். எங்கண்ணன் பேண்ட்டப் போட்டுகிட்டு ஓட்டுறேன். எங்கம்மாவுக்குத் தெரியும், திட்டிட்டாங்க, அது முடிஞ்சுபோன கதை. நீங்க புதுசா திட்ட வேணாம்.

என்ன சொன்னீங்க? சர்க்காரு சாமான் வெளிய போனா அந்த ஸ்டோர் கீப்பர் கதிதான் ஆகும்னா? இறங்குன அன்னிக்கே உங்களுக்குச் சொல்லிட்டாங்களாக்கும். பெரியவர் திருநாவுக்கரசு, இருவத்திரெண்டு வருஷம் சர்க்காரு ஒர்க்ஷாப் ஸ்டோருல சாவி புடிச்ச மனுஷன். டிரில்ல வெளிய வித்துட்டாருன்னு வேலைலேர்ந்து தூக்கிட்டாங்க, குவார்ட்டர்ஸக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. திங்கக்கிழமை கப்பல்ல குடும்பத்தோட போறாரு. போற மனுஷனையும் விட மாட்டீங்களா?

எனக்கு ஏன் கோவம் வருதுன்னா கேக்குறீங்க? வருது. எனக்கு எல்லார் மேலயும் வருது.

ரெண்டு வாரம் கழிச்சு வச்சா மழ வந்துரும் சார். சரி, அது பொய். மழைக்காகச் சொல்லல. அட, பேனாவ மூடாதீங்க. நில்லுங்க சார், ஜீப்புல ஏறாதீங்க. சொல்றேன்.

உங்க ஊருல ஒடஞ்ச சாமான ஏலம் விடுவாங்களாம். இந்த ஒர்க்ஷாப்புல அது கெடையாது. இனி ஒதவாது, கண்டம்னு எழுதிட்டா சாக்குல கட்டி, படகுல ஏத்தி, ஆழத்துல போட்டுரணும். போட்டாச்சுன்னு ஸ்டோர் கீப்பர் கையெழுத்துப் போடணும். யாரும் வித்துறக் கூடாதாம், அதுக்கு. இந்த ஆறு டிரில்லும் அப்படிக் கண்டமானதுதான். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பல்லு முறிஞ்சிருந்துச்சு, அவ்ளோதான். மெயின்லேண்டுலேர்ந்து பல்லுச் சக்கரம் வரலைங்கறதுக்காக கடல்ல போடுவாங்களாம். எனக்கு வயிறு எரிஞ்சுது. ராம்கிஷன் மிஸ்திரியோட இரும்புப் பட்டறைல ஒக்காந்து நானே பல்லு வச்சு அரம் போட்டேன், பாருங்க எப்படிச் சுத்துதுன்னு.

எப்படிக் கெடச்சுதுன்னா, படகு எங்க மாமாவோடது. திருநாவுக்கரசு சாக்க ஏத்தி வச்சுட்டு ஜெட்டிக் கடையில டீ குடிக்கப் போனாரு. நான் சாக்கப் பிரிச்சு டிரில்ல எடுத்துட்டு, கடற்கரைக் கல்ல ரொப்பி அதே முடிச்சப் போட்டேன். மாமாவுக்குக் கூடத் தெரியாது. அந்த மனுஷன் கல்லக் கொண்டுபோய் கடல்ல போட்டுட்டு, டிரில்லப் போட்டாச்சுன்னு சுத்தமான மனசோட கையெழுத்துப் போட்டாரு. ரெண்டு மாசம் கழிச்சு ஜெய்னுதீன் கையில ஒண்ண எவனோ கிளார்க் பாத்து நம்பரக் குறிச்சுகிட்டான், புடுங்கறதுக்குள்ள இவன் ஓடிட்டான். கடல்ல கெடக்குறது பஜாருக்கு எப்படி வந்துச்சுன்னு அவரப் புடிச்சுகிட்டாங்க.

போய்ச் சொன்னேன் சார். ரெண்டு தடவ போனேன். மொத தடவ பியூன் உள்ளயே விடல. ரெண்டாந் தடவ பெரிய கிளார்க்கு, உங்க தெரு ஆளக் காப்பாத்த நீ பழி ஏத்துக்கறியா, வீட்டுக்குப் போயி படின்னாரு. சின்னப் புள்ள பொய் சொல்றேனாம். எங்க தெரு ஆளாம். அவரு என்னைய நாலு தடவ ஒர்க்ஷாப்ப விட்டுத் தொரத்துனவரு. எனக்கு அவரப் புடிக்கவே புடிக்காது.

அதான் பந்தயம், அவரு கப்பல் ஏறுறதுக்கு முந்தியே. பந்தயம்னா பெரிய ஆபீசருங்க எல்லாம் சம்சாரத்தக் கூட்டிகிட்டு வந்து பந்தல்ல ஒக்காருவாங்க. ஓடி முடிச்சதும் ஆறு வண்டியும் அவங்க மூக்குக்கு முன்னால வரிசையா நிக்கும். குனிஞ்சு நம்பரப் படிச்சு கண்டக் கணக்கோட ஒத்துப் பாக்கட்டும், ஆறும் இங்கதான் இருக்கு, ஒண்ணு கூட விக்கலன்னு தெரியும். கப்பு யாருக்கு வேணா குடுக்கட்டும். அதுக்கு முந்தி மைக்க நான் புடுங்கிருவேன். பசங்களுக்கு ஒண்ணும் தெரியாது, அதையும் சொல்லிருவேன். அப்புறம் ஸ்கூல விட்டு எடுக்கறதுன்னா எடுக்கட்டும், போலீஸ்ல குடுக்கறதுன்னா குடுக்கட்டும்.

பெரியவருக்கா? இன்னும் தெரியாது. நேத்து குவார்ட்டர்ஸுக்குப் போனேன், பெட்டி கட்டிகிட்டிருந்தாரு. ஞாயித்துக்கிழமை கொடி அசைக்க ஒரு ஆள் வேணும், வரீங்களான்னேன். மூஞ்சியத் திருப்பிகிட்டாரு. நான் படி எறங்கறப்ப எத்தன மணிக்குன்னு கேட்டாரு. ஏழுன்னேன்.

நீங்களும் ஏழுன்னே எழுதுங்க சார்.