பங்குனித் திதி

"படுங்க! படுங்க!"

செண்பகம் கத்துகிறாள். குழந்தையை வயிற்றுக்கடியில் அமுக்கிக்கொண்டு மேசைக்குக் கீழே கிடக்கிறாள். நான் கதவருகே. முதலில் சீழ்க்கை. நீள்கிறது. அறுந்துவிடுகிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறேன். வெடிக்கிறது. ஓடுகள் கொட்டுகின்றன. மறுபடி சீழ்க்கை.

சைகோன். 1968. வியட்நாம்காரர்களுடைய புத்தாண்டு. முதல் சத்தங்களைப் பட்டாசு என்றுதான் நினைத்தேன். பட்டாசுக்குச் சீழ்க்கை ஏது என்றாள் செண்பகம். அவள் என் மனைவி. அங்கேயே பிறந்தவள். அப்பா காரைக்கால், அம்மா வியட்நாம். சீழ்க்கை கேட்கிறவரை தூரம், அறுந்தால் தலைக்கு மேல் என்பாள். அன்று மதியத்துக்குள் பதினேழு குண்டுகள் விழுந்தன. எங்கள் துணிக்கடையின் முன்சுவர் போயிற்று. மூவரும் பிழைத்தோம். மகள் மல்லிகாவுக்கு நான்கு வயது.

அங்கே தப்பினேன். நான் சிக்கியது என் சொந்த ஊரில், புதுவைப் பக்கத்துப் பாகூரில்.

1974 மார்ச் 18. பாகூரில் அப்பா இறந்தார். தந்தி தாமதமாக வந்தது. தம்பி ராமலிங்கம் கொள்ளி வைத்தான். வருஷத் திவசமாவது மூத்தவன் கையால் நடக்கட்டும் என்று எழுதினான். 1975 பிப்ரவரி கடைசியில் புறப்பட்டேன். கடையை மூட முடியாது. மல்லிகாவுக்குப் பள்ளிக்கூடம். அவர்கள் இருவரும் அங்கேயே இருந்தார்கள். சைகோனுக்குத் திரும்பி நுழைய எனக்கு மார்ச் 31 வரை அனுமதி. மார்ச் 18 திவசம். பதின்மூன்று நாள் மிச்சம். தாராளம் என்று கணக்குப் போட்டேன்.

வந்து இறங்கியதும் தம்பி பஞ்சாங்கத்தை விரித்தான்.

"இன்னாண்ணே, இங்கிலீஷ் தேதியிலயா திவசம் குடுப்பாங்க? அப்பா போனது பங்குனி. அந்தத் திதி இந்த வருசம் மாசியிலயே வந்துடுது. அது சேராது. பங்குனியில மறுபடி வருது பாரு, அதான். ஏப்ரல் ஆறு."

ஆறு நாள் இடித்தது. அந்த ஆறு நாளுக்காக விசா கேட்டு, கடவுச்சீட்டை டெல்லியில் இருந்த சைகோன் அரசின் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மார்ச் 20 அன்று திரும்பி வந்தது. விசா இல்லை. ஒரு கடிதம் இருந்தது. நான் பிரெஞ்சு நாட்டவன். பிரான்சில் கேட்க வேண்டும். இங்கே கேட்பதானால் இங்கே குடியிருக்கிறேன் என்று காட்ட வேண்டும்.

பிரான்ஸை நான் பார்த்ததில்லை. 1962இல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது சைகோனில் இருந்தேன். வெளியே இருந்த எங்களைப் போன்றவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே இருந்துவிட்டோம். அப்பாவின் கரும்புக் கொல்லைக்குக்கூட விருந்தாளி விசாவில்தான் வந்திருந்தேன்.

புதுவையில் வெளிநாட்டாரைப் பதிவு செய்யும் அலுவலகம். நாற்காலியில் இருந்தவர் சிரித்தார்.

"விருந்தாளியா வந்து கீறீங்க. விருந்தாளிக்குக் குடியிருப்புச் சான்று எப்படி சார் குடுக்கறது?"

"பிறந்ததே பாகூர்."

"பொறந்தா ஆச்சா?"

டீக்கடையில் ரேடியோ. வடக்கு வியட்நாம் படை இறங்கி வருகிறது. ஹுவே நகரம் விழுந்தது. மார்ச் 29, தானாங் விழுகிறது. பக்கத்து பெஞ்சில் ஒருவன் கேட்கிறான், "இன்னா பிரெஞ்சுக்காரரே, பாரீஸ்ல மழையா?" பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. அவர்களுக்குத் தானாங் எங்கே இருக்கிறது என்று தெரியாது. வீட்டுக்கு ஓடினேன். திவசம் போகட்டும் என்று பெட்டியைக் கட்டினேன்.

"கொள்ளியும் நீ வெக்கல. இதையும் உட்டுட்டுப் போறியா?" தம்பி வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"தள்ளுடா. அங்க ரெண்டு உயிர் கீது."

விலகினான். மெட்ராஸ் போனேன். விமானத்தில் இடமில்லை. ஏப்ரல் மூன்றுக்கு முன் இல்லவே இல்லை. மூன்றாம் தேதி என் அனுமதி செல்லாது. பெட்டியோடு பாகூருக்கே திரும்பினேன். தம்பி பெட்டியை வாங்கி உள்ளே வைத்தான்.

ஏப்ரல் 6. திவசம். ஐயர் ஊர்ப்பெயர் கேட்டார். பாகூர் என்றேன். அதற்குச் சான்று எதையும் அவர் கேட்கவில்லை.

மறுநாள் தம்பி என்னைக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு இழுத்துப் போனான். அங்கிருந்த பெரியவர் அப்பாவைத் தெரிந்தவர்.

"அப்பன் பாகூர், தம்பி பாகூர், நீ மட்டும் பிரான்ஸா?" என்றார். "சரி, இன்னா எழுதணும் சொல்லு."

வீட்டு வரி அப்பா பெயரில் இருக்கிறது, மூத்த மகன் இந்த வீட்டில் தங்கியிருக்கிறான், போனாலும் இந்த வீட்டுக்கே திரும்புவான் என்று எழுதி முத்திரை வைத்தார். விண்ணப்பத்தில் நானும் அப்படியே எழுதினேன். எதற்குப் போகிறீர்? பார்க்க. எத்தனை நாள்? முப்பது. பிறகு? பாகூர் திரும்புவேன். மனைவியிடம் போக, மனைவியை விட்டு வருவேன் என்று உறுதி சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். ஏப்ரல் 8 அன்று தபாலில் போட்டேன்.

காத்திருக்கிறேன். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் தெருமுனைக்கு ஓடுகிறேன். செண்பகத்தின் கடிதம் ஒன்று வருகிறது. ஏப்ரல் 12 தேதியிட்டது. அரிசி இருக்கிறதாம். இரண்டு நாளாகச் சத்தம் இல்லையாம். "தாத்தா திவசம் முடிஞ்சுதா, அப்பா எப்ப வருவாங்கன்னு மல்லிகா கேக்கறா." அதற்குப் பிறகு கடிதம் இல்லை.

ஏப்ரல் 30. ரேடியோ சொன்னது. சைகோன் அரசு சரணடைந்துவிட்டது. அப்போது தம்பி கொல்லையில் இருந்தான். சேற்றுக்காலோடு ஓடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மே 6. சைக்கிள் மணி. பதிவுத் தபால். கடவுச்சீட்டில் புதிய முத்திரை. ஒருமுறை நுழையலாம். முப்பது நாள் தங்கலாம். விசா கொடுத்த அரசாங்கம் போய் ஆறு நாள் ஆகியிருந்தது.

அதே ஆறு நாள்.

1976இல் சைகோனிலிருந்து பிரெஞ்சுக்காரர்களோடு வெளியேறி வந்த வில்லியனூர்க்காரர் ஒருவரைத் தேடிப் போனேன். எங்கள் கடைக்கு எதிரே பாத்திரக்கடை வைத்திருந்தவர். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "கடைசி வாரம். விடிகாலையில ராக்கெட். உங்க வரிசை பூரா போச்சுபா." எந்தத் தேதி? அவருக்கு நினைவில்லை. வரிசையிலிருந்து யாராவது வெளியே வந்தார்களா? அவர் பார்க்கவில்லை. வந்தவர்களின் பட்டியல் எதிலும் அந்த இரண்டு பெயர்கள் இல்லை.

பத்து வருஷமாகிவிட்டது. இப்போதும் பாகூரில்தான் இருக்கிறேன். இப்போதும் வெளிநாட்டான். பதிவைப் புதுப்பிக்கப் புதுவைக்குப் போகிறேன். எத்தனை நாள் தங்குவீர் என்று கேட்கிறார்கள்.

எண்ணிச் சொல்கிறேன், மறக்காதீர்கள். மனைவி செண்பகம், முப்பத்தாறு வயது. மகள் மல்லிகா, பதினொன்று. ஒரு கடை. அதன்மேல் ஒரு வீடு. அவர்களுடைய புகைப்படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் அங்கே இருந்தன.

திதியும் இல்லை. தேதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் கொடுக்கலாம் என்கிறார் ஐயர். ஒவ்வொரு அமாவாசைக்கும் தம்பி எள்ளும் தர்ப்பையும் வாங்கி வந்து வைக்கிறான். இதுவரை நான் கொடுக்கவில்லை.